1080, 4கே, 16:9: டிவியின் எண்கள் என்ன சொல்கின்றன?

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து தெம்பனிஸ் வரை எந்தக் கடையின் டிவி பிரிவுக்குப் போனாலும் ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எச்டி, ஃபுல் எச்டி, அல்ட்ரா எச்டி, 4கே, 8கே. விலை ஏற ஏற எண்ணும் ஏறும். சரி, பெரிய எண்ணாகவே இருக்கட்டும் என்று வாங்கிவந்து ஹாலில் மாட்டி, வசந்தம் ஒளிவழியையோ யூடியூபில் ஒரு பழைய பாட்டையோ போட்டால், கடையில் பார்த்த பளிச்சென்ற படத்தைக் காணோம். டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது மட்டுமே அந்த ஸ்டிக்கரில் இருக்கிறது. உள்ளே வரும் படத்தில் எத்தனை புள்ளிகள், அது என்ன வடிவத்தில் வருகிறது, நீங்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்து பார்க்கிறீர்கள் ஆகிய மூன்றும் ஸ்டிக்கரில் வராது. என்னைக் கேட்டால், காசைவிட இந்த மூன்றில்தான் கவனத்தைச் செலவிட வேண்டும்.

புள்ளிக் கணக்கு

டிவி திரை முழுக்க வரிசை வரிசையாக அடுக்கிய மிகச் சிறிய புள்ளிகள்தான். ஒரு புள்ளிக்குப் பெயர் பிக்சல். ஃபுல் எச்டி என்றால் ஒரு வரியில் 1,920 பிக்சல்கள். அப்படி மேலிருந்து கீழாக 1,080 வரிகள். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 2.07 மில்லியன் புள்ளிகள் வரும்.

எச்டி வருவதற்கு முன்பு சிங்கப்பூரில் இருந்தது பிஏஎல் என்ற முறை. அதில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. அதை மின்னிலக்க வடிவில் பதிந்தால் 720×576, அதாவது சுமார் 0.41 மில்லியன் பிக்சல். ஃபுல் எச்டி அதைப்போல் ஐந்து மடங்கு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது 720 வரி எச்டி: 1,280×720, 0.92 மில்லியன்.

இந்த 1,920 எங்கிருந்து வந்தது? பிஏஎல் படத்தின் அகலமான 720-ஐ இரட்டிப்பாக்கினால் 1,440. பழைய திரை 4:3 வடிவம்; புதியது 16:9, அதாவது அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 1,440-உடன் அதன் மூன்றில் ஒரு பங்கான 480-ஐக் கூட்டினால் 1,920. அதற்கு 16:9 கணக்கில் உயரம் 1,080. ஆக, பழைய டிவியின் அளவையே இரட்டித்து அகலப்படுத்தியதால் வந்த எண் இது. எச்டி ஆராய்ச்சியை ஜப்பானின் என்எச்கே நிறுவனம் 1964 தோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்தே தொடங்கிவிட்டது. அவர்களுடைய முறையில் வரிகள் 1,125. உலகம் முழுவதும் 1,920×1,080 என்று ஒத்துக்கொள்ள அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பிடித்தன.

4கே வந்தபோது எண்ணும் விதமே மாறியது. அதுவரை 576, 720, 1080 என்று உயரத்தைச் சொன்னவர்கள் திடீரென்று அகலத்துக்குத் தாவிவிட்டார்கள். 4கே டிவியின் அளவு 3,840×2,160. பழைய பழக்கப்படி அதை 2160 என்றுதான் அழைத்திருக்க வேண்டும். 3,840 ஏறக்குறைய நாலாயிரம் என்பதால் 4கே. சினிமாத் துறையின் 4கே இதைவிடக் கொஞ்சம் அகலம், 4,096 பிக்சல். 1080-லிருந்து 4000-க்குப் போனால் நாலு மடங்கு தெளிவு என்று தோன்றும். மொத்தப் புள்ளிகள் நாலு மடங்குதான், 8.3 மில்லியன். ஆனால் அகலத்தில் இரண்டு மடங்கு, உயரத்தில் இரண்டு மடங்கு, அவ்வளவே. 8கே அதற்கும் மேல் இன்னொரு இரட்டிப்பு: 7,680×4,320, 33 மில்லியன். என்எச்கே 2018 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரு 8கே ஒளிவழியைத் தொடங்கியது. நம் வீட்டு டிவிக்கு 8கே-யில் வரக்கூடியது என்ன என்று தேடினால், யூடியூபில் உள்ள இயற்கைக் காட்சிகளைத் தாண்டி அதிகம் இல்லை. அதனால் 8கே-யை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

பழைய ஸ்டிக்கர் ஒன்றும் பாக்கி இருக்கிறது: 'எச்டி ரெடி'. பழைய பொருள் விற்கும் இடங்களில் இன்னும் தென்படும். குறைந்தது 720 வரிகள் இருக்கிறது, எச்டி சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் உத்தரவாதம். அவற்றில் பல 1,366×768 அளவுத் திரைகள். 1080 வரிப் படம் வந்தாலும் அதைச் சுருக்கித்தான் காட்டும்.

ஐ, பி என்ற இரண்டு எழுத்துகள்

1080ஐ, 1080பி என்று எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து வருமே, அது என்ன? பி என்றால் புரோகிரசிவ்: ஒவ்வொரு முறையும் எல்லா வரிகளும் சேர்ந்த முழுப்படம் வரும். ஐ என்றால் இன்டர்லேஸ்டு: முதலில் ஒற்றைப்படை வரிகள் மட்டும், அடுத்து இரட்டைப்படை வரிகள் மட்டும்.

பாதிப் பாதியாக ஏன் அனுப்ப வேண்டும்? பழைய குழாய் டிவியில் விநாடிக்கு 25 முறை மட்டும் படம் வந்தால் கண்ணில் சிமிட்டல் தெரியும். 50 முழுப்படம் அனுப்பலாம் என்றால் அலைவரிசையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். அதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். விநாடிக்கு 50 அரைப்படங்களை அனுப்பினால் திரை 50 முறை ஒளிரும், சிமிட்டல் குறையும். அனுப்பும் தகவலோ 25 முழுப்படத்துக்கு உரியதுதான். அந்த 50 சும்மா வந்த எண் இல்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாடுகளில் டிவியும் அதையொட்டி அமைந்தது. சிங்கப்பூரும் 50 ஹெர்ட்ஸ் நாடு. அமெரிக்காவில் 60, அதனால் அங்கே டிவிக் கணக்கும் வேறு.

குழாய் டிவி போய்விட்டது, இன்டர்லேஸ் போகவில்லை. இன்றைய தட்டைத் திரைகளுக்கு அரைப்படத்தை அப்படியே காட்டத் தெரியாது. டிவிக்குள் இருக்கும் சில்லு இரண்டு அரைகளையும் ஒட்டி முழுப்படமாக்க வேண்டும். அசையாத காட்சியில் இது கச்சிதமாக நடக்கும். செய்தி வாசிப்பவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது 1080 வரிகளும் உங்களுக்குக் கிடைக்கின்றன. பந்து பறக்கும்போது சிக்கல். முதல் அரையில் பந்து ஓரிடத்தில், ஐம்பதில் ஒரு விநாடி கழித்து எடுத்த அடுத்த அரையில் இன்னோர் இடத்தில். இரண்டையும் சேர்த்தால் பந்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிசிறடிக்கும். நல்ல டிவி இதைச் சமாளிக்கும். மலிவான டிவி தடுமாறும். ஒரே அளவில் இரண்டு 4கே டிவிகளுக்கு இடையே விலை வித்தியாசம் வருவதற்கு இந்தச் சில்லின் திறமையும் ஒரு காரணம், ஸ்டிக்கரில் அது வராது என்றாலும்.

720பி-யா 1080ஐ-யா என்று ஒளிபரப்பாளர்களிடையே ஒரு காலத்தில் பெரிய வாதமே நடந்தது. கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 1080ஐ-யில் விநாடிக்கு 25 முழுப்படத்துக்கு உரிய புள்ளிகள், 51.8 மில்லியன். 720பி-யில் விநாடிக்கு 50 சிறிய முழுப்படங்கள், 46 மில்லியன். இரண்டுக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். நுணுக்கம் வேண்டுமா, அசைவில் தெளிவு வேண்டுமா என்பதே கேள்வி. அமெரிக்காவில் ஏபிசி, ஃபாக்ஸ், விளையாட்டுக்கான ஈஎஸ்பிஎன் ஆகியவை 720பி பக்கம் போயின. சிபிஎஸ், என்பிசி 1080ஐ பக்கம். 'எண் பெரிது, அதனால் மேல்' என்று சொல்ல முடியாத இடம் இது. சிங்கப்பூரின் இலவச ஒளிவழிகள் எச்டியில் வருவது 1080ஐ ஆக. நாடகத்தை விநாடிக்கு 25 முழுப்படங்களாகவே எடுத்திருந்தால் கவலை இல்லை. அனுப்பும்போது ஒரே படத்தைத்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள். டிவி ஒட்டும்போது பிசிறு வராது.

படத்தின் வடிவம்

நம் வீடுகளில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். 75 இன்ச் திரையில் எல்லார் முகமும் பூசணிக்காயாய் அகன்று கிடக்கும். பார்ப்பவர்களோ பழகிப்போய் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய டிவியின் வடிவம் 4:3. நாலு பங்கு அகலம் என்றால் மூன்று பங்கு உயரம். அந்தக் காலத்துத் திரைப்படங்களும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் 1973-இல் வந்தது. அதற்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டால் அவை ஏறக்குறைய சதுரமாகத் தெரிவதில் தவறில்லை. சினிமாஸ்கோப்போ மிக அகலம்: உயரம் 1 என்றால் அகலம் 2.35 முதல் 2.39 வரை.

16:9 இந்த இரண்டுக்கும் நடுவில் போட்ட சமரசம். 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், அப்போது புழக்கத்தில் இருந்த வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி, நடுப்புள்ளி பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச் செவ்வகத்தின் விகிதம் ஏறக்குறைய 1.77. எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகமும் அதே 1.77. 16-ஐ 9-ஆல் வகுத்தால் 1.78 வரும். எந்தப் படத்துக்கும் முழுப் பொருத்தமில்லாத, எதற்கும் பெரிய நட்டம் வராத வடிவம். ஆகவே கறுப்புப் பட்டை வருவது டிவியின் குறையோ ஒளிபரப்பின் குறையோ இல்லை. சினிமாஸ்கோப் படத்தை 16:9 திரையில் வெட்டாமல் காட்டினால், ஃபுல் எச்டியின் 1,080 வரிகளில் சுமார் 803 வரிகள்தான் படத்துக்கு. மீதி, மேலும் கீழுமாகக் கறுப்பு. திரையில் ஏறக்குறைய கால் பங்கு. 4:3 படத்துக்கு இடமும் வலமும் 240 பிக்சல் வீதம் பட்டை வரும். அதுவும் கால் பங்குதான்.

திரை சும்மா கிடக்கிறதே என்று பலருக்கு மனசு கேட்பதில்லை. ரிமோட்டை எடுத்து 'வைட்' அல்லது 'ஸ்ட்ரெட்ச்' என்று மாற்றிவிடுகிறார்கள். 4:3 படத்தை அப்படி இழுத்தால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும். சிவாஜியின் முகமும் அதே கணக்கில் அகலும். 'ஸூம்' போட்டால் முகம் சரியாக இருக்கும், ஆனால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். தலை போகும், அல்லது கீழே ஓடும் எழுத்து போகும். நான் கறுப்புப் பட்டையின் கட்சி. படத்தை எடுத்தவர் வைத்த சட்டகத்தில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை என்பேன். வீட்டில் இந்த வாதம் எடுபடாமலும் போகலாம்.

ஸூம் சரியாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. சினிமாஸ்கோப் படத்தை யாரோ ஒருவர் 4:3 சட்டகத்துக்குள் மேலும் கீழும் பட்டை வைத்துப் பதிந்திருப்பார். அதை இன்று 16:9 திரையில் போட்டால் இடமும் வலமும் பட்டை சேர்ந்துகொள்ளும். நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை அளவில் படம். பழைய விசிடியிலிருந்து ஏற்றிய பாடல்களில் இது சகஜம். இதற்கு ஸூம் போடலாம்: பட்டை மட்டும் வெளியே போகும், படம் வெட்டுப்படாது. தெளிவுதான் வராது. விசிடியின் 288 வரிகளில் படத்துக்கு மிஞ்சியது 160 வரிகள் என்றால், அதை 4கே திரையில் விரிக்கும்போது டிவி என்ன செய்யும்? இல்லாத வரிகளை ஊகித்து நிரப்பும். எவ்வளவு கெட்டிக்கார ஊகமும் மூலத்தில் இல்லாத கண்ணிமையை வரைந்துவிடாது.

படம் சரியான வடிவத்தில் இருந்தும் ஓரம் வெட்டுப்படுகிறதா? கீழே ஓடும் செய்திவரி பாதி மறைகிறதா? அது ஓவர்ஸ்கேன். குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரங்கள் சீராக வராது என்பதால் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைத்தார்கள். பல டிவிகள் இன்றும் தேவையே இல்லாமல் அதைச் செய்கின்றன. சில விழுக்காடு பெரிதாக்கினாலும் ஒவ்வொரு பிக்சலும் இடம் மாறும். அதனால் படம் சற்றுக் குழையும். படத்தின் அளவுக்கான மெனுவில் எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெயர். தேடிப்பிடித்து மாற்றுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் தெளிவு.

இன்ச் கணக்கிலும் வடிவம் புகுந்து விளையாடும். டிவி அளவு என்பது மூலைக்கு மூலை அளந்தது. 32 இன்ச் திரை 4:3 வடிவத்தில் இருந்தால் உயரம் 19.2 இன்ச்; 16:9 வடிவத்தில் இருந்தால் 15.7 இன்ச். ஒரே 32, ஆனால் பரப்பில் புதியது பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. முதல் தட்டை டிவி வாங்கிய வீடுகளில் 'பழசே பெரிசா இருந்துச்சே' என்று பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

வீட்டுக்குள் வருவது என்ன?

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15-ஆம் தேதி கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. வண்ணம் வந்தது 1974-இல். 2019 பிறந்தபோது அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு முழுக்க மின்னிலக்கத்துக்கு மாறினோம். இங்குள்ள முறை டிவிபி-டி2. அதை ஏற்கும் டிவி இருந்தால் ஓர் ஆன்டெனா போதும். பழைய டிவி என்றால் நடுவில் ஒரு செட்-டாப் பாக்ஸ்.

அந்தப் பாக்ஸை எந்த வயரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை உள்ள வயரா? அதில் மஞ்சள்தான் படத்துக்கு. அதன் வழியே எச்டி போகாது. பாக்ஸுக்குள் 1080 வரிகளாக வந்த படம் 576 வரிகளாகச் சுருங்கித்தான் டிவிக்குப் போகும். எச்டிஎம்ஐ வயருக்கு மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும். வயரை மாற்றிய பிறகு பாக்ஸின் மெனுவில் வெளியீடு 1080 என்று இருக்கிறதா, திரை வடிவம் 16:9 என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாக்ஸ் 4:3 என்று நினைத்துக்கொண்டிருந்தால் டிவியில் என்ன மாற்றினாலும் முகம் சரியாகாது.

இணையம் வழி வரும் படத்துக்கு அளவுகோல் வேறு. ஃபுல் எச்டி படத்தைச் சுருக்காமல் அனுப்ப வேண்டுமானால் விநாடிக்கு 25 படம், புள்ளிக்கு 24 பிட் (மின்னிலக்கத் தகவலின் மிகச் சிறிய அலகு) என்று வைத்தால் விநாடிக்கு 1.24 கிகாபிட், அதாவது 1,240 மெகாபிட் வேண்டும். யாரும் அப்படி அனுப்புவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்டிக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட் வேகம் இருந்தால் போதும் என்கிறது. அவ்வளவு கடுமையாகச் சுருக்கும்போது விடுபடுபவை நுணுக்கங்கள்தான். 1080 வரிகள் கொண்ட ப்ளூரே வட்டு 40 மெகாபிட் வரை போகலாம். நன்றாகப் பதிந்த 1080 படம், கஞ்சத்தனமாகச் சுருக்கிய 4கே படத்தைவிட நன்றாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். புகை, மழை, கோயில் திருவிழாக் கூட்டம் ஆகியவற்றில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பிக்சல் பற்றாக்குறை என்று நினைக்க வேண்டாம். பிட் பற்றாக்குறை.

சோஃபா எங்கே இருக்கிறது?

சாதாரண நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைவிட நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியாது. இதை வைத்துக் கணக்குப் போட்டால், ஃபுல் எச்டி படத்தின் உயரத்தைப்போல் 3.2 மடங்கு தள்ளி உட்கார்ந்தாலே பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்கு அப்பால் 4கே-யின் கூடுதல் புள்ளிகள் இருந்தும் கண்ணுக்கு எட்டாது. 43 இன்ச் டிவிக்கு அந்தத் தூரம் 1.7 மீட்டர். 55 இன்ச்சுக்கு 2.2. 65 இன்ச்சுக்கு 2.6. 75 இன்ச்சுக்கு 3 மீட்டர்.

இப்போது அளக்கும் நாடாவை எடுத்து உங்கள் வீவக வீட்டு ஹாலில் சோஃபாவின் முதுகிலிருந்து டிவி வரை அளந்து பாருங்கள். மூன்று மீட்டர் வந்து, டிவி 55 இன்ச் என்றால், நீங்கள் பார்ப்பது ஃபுல் எச்டியா 4கே-யா என்று உங்கள் கண்ணால் சொல்வது கடினம். 4கே-யை உண்மையாகவே பார்க்க வேண்டுமானால் அந்த 55 இன்ச் திரைக்கு ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள் உட்கார வேண்டும். இதற்காக 4கே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று பெரிய அளவுகளில் கடையில் இருப்பதே பெரும்பாலும் 4கே-தான். 4கே-க்காகக் கூடுதல் காசு கொடுப்பதைவிட அதே காசில் அளவைக் கூட்டுவதோ, எச்டிஆர் நன்றாகக் காட்டும் திரையை எடுப்பதோ மேல். எச்டிஆர் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுகிறது. தீபாவளி விளக்கொளிக் காட்சி மூன்று மீட்டரிலிருந்தும் வேறு மாதிரி தெரியும்.

கடைசியாக, பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள். படத்துக்கான மெனுவில் 'விவிட்' என்று இருந்தால் மாற்றுங்கள். கடையின் வெளிச்சத்தில் பக்கத்து டிவியைத் தோற்கடிக்க அந்த நிறம் உதவும். வீட்டில் மஞ்சள் புடவை கண்ணைக் குத்தும். 'சினிமா' அல்லது, இருந்தால், 'ஃபிலிம்மேக்கர்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்புறம் அசைவை வழவழப்பாக்கும் வசதி. திரைப்படம் எடுப்பது விநாடிக்கு 24 படம்; இந்த வசதி நடுவில் தானாகவே படங்களைச் செய்து செருகும். பெரிய செலவில் எடுத்த சினிமா, ஸ்டூடியோவில் எடுத்த சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடினால் இதுதான் காரணம். படத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் குறைந்த அளவில் போட்டுக்கொள்ளலாம்.